பனிப்புயல் முன்னறிவிப்பு: அந்த ஒற்றை எண் எங்கிருந்து வருகிறது?

ஜனவரி 14, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

ஐந்து நாட்களாகக் கைபேசிச் செயலி 40 செ.மீ. பனி என்று அலறிக்கொண்டே இருந்தது. முந்தின நாள் அது 25 ஆனது. புயலன்று காலை 12. கடைசியில் தரையில் கிடந்தது 4 செ.மீ. சேற்றுப் பனி, மீதியெல்லாம் மழை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. செயற்கைக்கோள், ரேடார், சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாம் வைத்துக்கொண்டு இதுதான் லட்சணமா? பாட்டியின் முழங்கால் வலியே இதைவிடத் துல்லியம்.

ஜனவரி 14, இரவு

முதலில் அந்த 40 எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். பெரும்பாலான செயலிகளில் அந்த எண்ணை எந்த வானிலையாளரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் ஏதோ ஒரு கணினி மாடலின் ஏதோ ஓர் ஓட்டத்தில் உங்கள் இடத்துக்கு நேராக விழுந்த கட்டத்தின் மதிப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் ஒரு நாளைக்கு 4 முறை ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எண் குதிக்கும். செயலி அதை அப்படியே எடுத்துப் போடும். நேற்று என்ன சொன்னோம் என்ற வெட்கம் அதற்குக் கிடையாது.

இன்னொன்று, மாடல் அடிப்படையில் கணக்கிடுவது தண்ணீரை. வானத்திலிருந்து இத்தனை மில்லிமீட்டர் நீர் இறங்கும் என்பதுதான் அதன் விடை. அதைப் பனியின் உயரமாக மாற்றுவது தனிக் கணக்கு. பழைய வாய்ப்பாடு 1-க்கு 10: ஒரு மி.மீ. தண்ணீர் ஒரு செ.மீ. பனி. அப்படியென்றால் அந்த 40 செ.மீ.க்குப் பின்னால் ஏறத்தாழ 40 மி.மீ. தண்ணீர் இருந்திருக்கும்.

அதனால் திருப்பிக் கேட்கிறேன்: அன்றைக்கு மொத்தம் எவ்வளவு தண்ணீர் விழுந்தது? மழைமானி வைத்திருக்கிறீர்களா?

ஜனவரி 15, காலை

38 மி.மீ. என்று பதில் வந்திருக்கிறது.

பாருங்கள். ஐந்து நாள் முன்பே சொன்ன தண்ணீர் கிட்டத்தட்ட அப்படியே வந்திருக்கிறது. புயல் சொன்ன நாளில் வந்தது, சொன்ன பாதையில் வந்தது. தவறியது தலைக்கு மேலே ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருந்த ஒரு மெல்லிய காற்றடுக்கின் வெப்பநிலை. அதுவும் ஒன்றிரண்டு டிகிரிதான் தவறியிருக்கும். கோடைப் புயலில் இந்த ஒன்றிரண்டு டிகிரியை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். குளிர்காலத்தில் அதுவேதான் முழுக் கதையும்.

ஜனவரி 15, இரவு

அந்த அடுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் முன்னறிவிப்பைப் படிக்கும் விதமே இது புரிந்த பிறகுதான் மாறியது.

குளிர்ப் பிரதேசங்களில் மழையும் பெரும்பாலும் பனியாகவே பிறக்கிறது. மேகத்தின் மேல்பகுதியில் பனிச்செதில் உருவாகிறது, கீழே இறங்குகிறது. வழி நெடுகப் பூஜ்யத்துக்குக் கீழேயே இருந்தால் பனியாகவே தரையைத் தொடும். ஆனால் புயலின் முன்புறத்தில் தெற்கிலிருந்து ஏறிவரும் வெதுவெதுப்பான காற்று, தரையோடு ஒட்டிக் கிடக்கும் குளிர்காற்றின் மேல் சவாரி செய்யும். அப்போது மேலே குளிர், நடுவில் வெப்பம், கீழே மறுபடி குளிர் என்று மூன்று தட்டு உண்டாகிறது. உயரத்தோடு வெப்பநிலையை வரைந்தால் அந்த நடு அடுக்கு வலப்பக்கம் மூக்கு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். வானிலையாளர்களும் அதை வெப்ப மூக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த மூக்கின் நுனி 1 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் செதில் பெரும்பாலும் தப்பிப் பிழைத்துவிடும். 1 முதல் 3 டிகிரி என்றால் பாதி உருகும். கீழேயுள்ள குளிரில் மறுபடி இறுகி ஐஸ் குருணையாக விழும். 3 டிகிரியைத் தாண்டினால் முழுக்க உருகிவிடும். அப்போது தரையருகே குளிர் அடுக்கு இருந்தால் உறைமழை. துளி தண்ணீராகவே வரும், தொட்ட இடத்தில் ஐஸாக ஒட்டிக்கொள்ளும். குளிர் அடுக்கும் இல்லையென்றால் வெறும் மழை. இவையெல்லாம் கைக்கணக்குதான், கல்லில் எழுதியவை அல்ல. ஆனாலும் 0.5 டிகிரிக்கும் 3.5 டிகிரிக்கும் இடையில் நான்கு வெவ்வேறு நாட்கள் ஒளிந்திருக்கின்றன.

பழைய ஆட்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். காற்றழுத்தம் 1000 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் தரையை ஒட்டிய மட்டத்துக்கும், அது 500 ஹெக்டோபாஸ்கலாகக் குறையும் மேல் மட்டத்துக்கும் இடையிலான காற்றின் தடிமன் 5400 மீட்டரா என்று பார்ப்பார்கள். குளிர்ந்த காற்று சுருங்கும் என்பதால் தடிமன் குறைவாக இருந்தால் பனிக்கு வாய்ப்பு. வரைபடத்தில் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்த்து, இந்தப் பக்கம் பனி, அந்தப் பக்கம் மழை என்று சொல்லிவிடுவார்கள். இன்றைக்கும் பல வரைபடங்களில் அந்தக் கோடு இருக்கிறது. ஆனால் மொத்தத் தடிமனைப் பார்த்தால் நடுவில் இருக்கும் மூக்கு தெரியாது. சராசரி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

ஜனவரி 16

முழங்கால் வலி விஷயம்: அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் முழங்காலிடம் பனியா, குருணையா என்று கேட்டுப் பாருங்கள்.

ஜனவரி 17, காலை

"மூக்கு இருப்பதைச் செயற்கைக்கோள் படம் பிடித்துவிடாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நாம் திரையில் பார்க்கும் மேகப்படம் பெரும்பாலும் மேகத்தின் கூரையைத்தான் காட்டுகிறது. உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளத் துருவப் பாதைச் செயற்கைக்கோள்களில் மைக்ரோவேவ் கருவிகள் இருக்கின்றன. மேகத்தை ஊடுருவி வெவ்வேறு உயரங்களின் வெப்பத்தை அவை உணரும். மாடல்களுக்குள் போகும் தகவலில் அவற்றின் பங்கு மிகப் பெரிது, செய்தியில் காட்டும் அழகான படத்தைவிடப் பல மடங்கு. ஆனால் அவை உணர்வது தடித்த அடுக்குகளை. சில நூறு மீட்டர் தடிமனுள்ள மூக்கு அதில் கரைந்துபோகும்.

மூக்கை நேருக்கு நேர் அளப்பது இன்றும் பலூன்தான். ஹைட்ரஜனோ ஹீலியமோ நிரப்பிய பலூனில் கைக்கடக்கமான ரேடியோசோண்ட் கருவியைக் கட்டி விடுகிறார்கள். நொடிக்கு 5 மீட்டர் அளவில் ஏறிக்கொண்டே வெப்பநிலை, ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அனுப்பும். 30 கி.மீ. உயரத்தைத் தாண்டிய பிறகு வெடித்துவிடும். உலகம் முழுக்கப் பல நூறு நிலையங்களிலிருந்து கிரீன்விச் நேரப்படி நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் விடுகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டே முறை. நிலையங்களுக்கு இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. கடலின் மேல் அதுவும் இல்லை. பெரிய புயல் வருகிறதென்றால் நடுவில் கூடுதல் பலூன் விடச் சொல்வார்கள். அப்படி ஒரு கூடுதல் பலூன் போகிறது என்று தெரிந்தால் நான் செயலியை மூடிவிட்டு அந்த வரைபடத்துக்காகக் காத்திருப்பேன். மனிதர்கள் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பயணிகள் விமானங்களும் ஏறும்போதும் இறங்கும்போதும் வெப்பநிலையையும் காற்றையும் அளந்து அனுப்புகின்றன. 2020-ல் விமானங்கள் நின்றுபோனபோது அந்தத் தகவல் திடீரென்று வற்றியது. வானிலை மையங்களுக்கு அது உண்மையான கவலையாக இருந்தது.

ஜனவரி 17, இரவு

நியூயார்க் 2015 பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

அந்த ஆண்டு ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க் நகரத்துக்கு 60 செ.மீ. வரையோ அதற்கு மேலுமோ பனி என்று எச்சரிக்கை. சுரங்க ரயிலை நிறுத்தினார்கள். பனிக்காக முன்கூட்டியே அதை நிறுத்தியது அதுவே முதல் முறை. சாலைகளை மூடினார்கள். விடிந்து பார்த்தால் சென்ட்ரல் பார்க்கில் சுமார் 25 செ.மீ. ஊரே சிரித்தது. முன்னறிவிப்பாளர் ஒருவர் சமூக ஊடகத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் அதே புயல் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 87 செ.மீ. கொட்டியது. லாங் ஐலண்டின் கிழக்குப் பகுதியில் 60 செ.மீ.க்கு மேல். புயல் வந்தது, சொன்ன பலத்தோடுதான் வந்தது. அதன் மேற்கு விளிம்பு சில பத்து கிலோமீட்டர் கிழக்கே தள்ளி நின்றுவிட்டது. ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு சுழற்சியில் அது ஒரு நூலளவு. அந்த நூலளவில்தான் 80 லட்சம் பேர் வசிக்கிறார்கள்.

எனக்கு இதில் சுவாரசியமான இடம் வேறு. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடல் நகரத்துக்கு அதிகப் பனி சொன்னது, அமெரிக்க ஜிஎஃப்எஸ் குறைவாகச் சொன்னது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் கரைப்பக்கம் திரும்பும் என்று ஐரோப்பிய மாடல் ஒரு வாரம் முன்பே காட்டியது. ஜிஎஃப்எஸ் அப்போது புயலைக் கடலுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஐரோப்பிய மாடல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் பரவலாக ஊறிப்போயிருந்தது. சராசரியாகப் பார்த்தால் அந்த மாடல்தான் மேல் என்பதும் உண்மை. ஆனால் சராசரியில் மேலாக இருப்பதும் இந்தக் குறிப்பிட்ட இரவில் சரியாக இருப்பதும் வேறு வேறு.

ஜனவரி 18

"அப்படியென்றால் எப்போதுதான் சரியாகச் சொன்னார்கள்?" என்று கோபமாக ஒரு கேள்வி.

1993 மார்ச் 12 முதல் 14 வரை அமெரிக்காவின் கிழக்குப் பாதியைப் புரட்டிப் போட்ட புயல். ஏறத்தாழ ஐந்து நாட்கள் முன்பே சொன்னார்கள். பனி விழும் முன்பே சில மாநிலங்கள் அவசரநிலை அறிவித்தன. அந்தக் காலத்தில் அது நம்ப முடியாத தைரியம்.

ஏழே ஆண்டுகளில் நேர் எதிர். 2000 ஜனவரி 24, 25: மாடல்கள் புயலைக் கடலுக்குள்ளேயே வைத்திருந்தன. வட கரோலினாவின் ராலே நகரத்தில் 51 செ.மீ. பனி. அந்த நகரத்துக்கு அது மலைக்க வைக்கும் அளவு. முந்தின நாள் மாலை வரை யாரும் அப்படி எதிர்பார்க்கவில்லை.

கணினி 1993-ஐவிட 2000-ல் வேகமானதுதான். சில புயல்கள் சுலபமானவை, சில புயல்கள் தொடக்கத்தில் இருக்கும் சிறு பிழையைப் பிடித்துக்கொண்டு எங்கோ போய்விடும். எந்தப் புயல் எந்த வகை என்று முன்பே தெரிந்துகொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு ஓரளவு வழி இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 20

நாளை என்றால் இன்று.

ஒரே மாடலைத் தொடக்க நிலைகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டுகிறார்கள். அளவுகள் எப்படியும் துல்லியமாக இருக்கப் போவதில்லை, அதனால் அந்தத் துல்லியமின்மையையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம் என்ற யோசனை. ஐரோப்பிய மையம் இப்படி 51 ஓட்டங்கள் ஓட்டுகிறது. அமெரிக்க மையம் 31. இரண்டு இடத்திலும் 1992-ல் இது வழக்கமான வேலையாகத் தொடங்கியது.

51-ம் ஒன்றுபோல 30 முதல் 40 செ.மீ. என்றால் தைரியமாகச் சொல்லலாம். 3-லிருந்து 60 வரை சிதறிக் கிடந்தால் ஐந்து நாள் முன்பு 40 என்று சொல்வது பொய்க்குச் சமம். நான் இப்போதெல்லாம் முதலில் பார்ப்பது பனி அதைவிடக் குறையப் பத்தில் ஒரு பங்கே வாய்ப்புள்ள கீழ் எண்ணையும், அதேபோல் அதைவிடக் கூடப் பத்தில் ஒரு பங்கே வாய்ப்புள்ள மேல் எண்ணையும்தான். அமெரிக்க வானிலைச் சேவை இந்த இரண்டையும் தன் பனி வரைபடங்களில் தனித்தனியாகவே போடுகிறது. நடு எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

சராசரியில் ஒரு பொறி உண்டு. பாதி ஓட்டங்கள் 50 செ.மீ., மீதிப் பாதி வெறும் மழை என்றால் சராசரி 25 வரும். அந்த 25-ஐ ஒரு ஓட்டம்கூடச் சொல்லவில்லை! உங்கள் செயலி முந்தின நாள் 25 என்று இறங்கியதே, அதிலும் இப்படி ஏதோ நடந்திருக்கலாம் என்று ஒரு சந்தேகம். செயலிக்காரர்கள் எதை எதோடு கலக்கிறார்கள் என்று வெளியே சொல்வது அபூர்வம்.

ஜனவரி 21

மேலே 1-க்கு 10 என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனேன். அதில் விஷயம் நிறைய இருக்கிறது.

மேகத்துக்குள் சுமார் மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரி வரை இருக்கும் பட்டையில்தான் ஆறு கிளை விரித்த பெரிய செதில்கள் வேகமாக வளரும். புயலின் மேலெழும் காற்று சரியாக அந்தப் பட்டையில் பலமாக இருந்தால் பஞ்சு போன்ற பனி விழும். 1-க்கு 20 கூட வரும். உருகும் நிலையை ஒட்டி விழும் ஈரப் பனி 1-க்கு 5 தான் தேறும். அதே 20 மி.மீ. தண்ணீர் ஒரு பக்கம் 40 செ.மீ., இன்னொரு பக்கம் 10 செ.மீ. மண்வெட்டி பிடித்தவருக்கு 10 செ.மீ. ஈரப் பனிதான் இடுப்பை ஒடிக்கும். அதைச் செயலி சிறிய புயல் என்று சொல்லியிருக்கும்.

பலத்த காற்று செதில்களின் கிளைகளை உடைத்துவிடும். உடைந்தவை நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். விகிதம் மறுபடி இறங்கும்.

அளப்பதும் சாமானியமில்லை. வெள்ளை வண்ணம் அடித்த பலகை ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து அளக்கிறேன். பனி தன் பாரத்திலேயே அமுங்கிக்கொண்டிருக்கும். மணிக்கொரு முறை துடைத்துத் துடைத்து அளந்து கூட்டினால் ஒரு நாளின் மொத்தம் பெரிதாக வரும், ஒரே முறை அளந்தால் சிறிதாக வரும். அதனால்தான் 6 மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் துடைக்கக் கூடாது என்று அமெரிக்க விதி. மழைமானியிலும் ஏமாற்று உண்டு. காற்று அடித்தால் பனிச்செதில் மானியின் வாய்க்குள் விழாமல் மேலே பறந்து போய்விடும். பலத்த காற்றில் பாதிக்கு மேல் தவறவிடலாம். அதைத் தடுக்க மானியைச் சுற்றித் தகடுகள் தொங்கவிடுகிறார்கள்.

இதிலிருந்து ஒரு குதர்க்கமான எண்ணம்: முன்னறிவிப்பு தவறியது என்று நாம் சண்டை போடும் சில நாட்களில், தவறியது அளவாகவும் இருக்கலாம்.

ஜனவரி 23

ரேடாரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். எனக்குப் பிடித்த கருவி அதுதான்.

பழைய ரேடார் ஒரு திசையில் மட்டும் அலையை அதிரவிட்டது. இப்போதுள்ளவை கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் இரண்டு விதமாக அனுப்புகின்றன. அமெரிக்காவின் ரேடார்கள் அனைத்தும் 2013-க்குள் இப்படி மாற்றப்பட்டன. இரண்டு எதிரொலிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு எண் கிடைக்கும். அதற்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர். சுத்தமான மழையிலும் சுத்தமான பனியிலும் அது கிட்டத்தட்ட 1. உருகும் பனி, உருகாத பனி, துளி எல்லாம் கலந்து கிடக்கும் உயரத்தில் மட்டும் சட்டென்று இறங்கும்.

ரேடாரின் கற்றை சாய்வாக மேலே போவதால், உருகும் அடுக்கை அது எல்லாத் திசையிலும் ஒரே தூரத்தில் வெட்டும். திரையில் அது ரேடாரைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரியும். புயல் நேரத்தில் அந்த வளையம் சுருங்கினால் உருகும் மட்டம் கீழே இறங்குகிறது, மழை பனியாகப் போகிறது. விரிந்தால் மூக்கு வளர்கிறது. முன்னறிவிப்பு என்ன சொல்லியிருந்தாலும் சரி, அந்த வளையம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்து அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தைச் சொல்லிவிடலாம். இதைப் பார்த்துக்கொண்டே தூக்கத்தைத் தொலைத்த இரவுகள் எனக்கு உண்டு. வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை.

சாதாரண ரேடார் படத்தில் அதே உருகும் அடுக்கு பளிச்சென்று கொட்டும் மழை மாதிரி தெரியும். உருகத் தொடங்கிய செதில் உருவத்தில் செதில், மேலே தண்ணீர்ப் பூச்சு. அதனால் எதிரொலி பலமாக வரும். ஏமாறக் கூடாது.

ரேடாரின் பெரிய பலவீனம் தூரம். மிகத் தாழ்வான அரை டிகிரிச் சாய்வில் விட்டாலும் 100 கி.மீ. தொலைவில் கற்றை ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும். 200 கி.மீ.யில் 4 கி.மீ. உயரம். பூமி வளைந்துகொண்டே போகிறது, கற்றை அந்த அளவுக்கு வளைவதில்லை. இடிமேகம் 10 கி.மீ.க்கு மேலே வளர்வதால் மாட்டிக்கொள்ளும். பனி மேகம் குட்டையானது. கற்றைக்கு அடியிலேயே ஊரை மூடிவிட்டுப் போய்விடும், திரை காலியாக இருக்கும்.

ஜனவரி 24

குட்டை மேகம் என்றதும் ஏரிப்பனி நினைவுக்கு வருகிறது.

உறையாத பெரிய ஏரியின் மேல் கடும் குளிர்காற்று ஓடினால் அடியிலிருந்து சூடும் ஈரமும் ஏறி மேகமாகும். ஏரியின் மேற்பரப்புக்கும் 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்கும், அதாவது சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்துக்கும், 13 டிகிரி வித்தியாசம் வேண்டும் என்பது கைக்கணக்கு. காற்று ஏரியின் நீளவாக்கில் வீசினால் ஒற்றைப் பட்டையாகத் திரண்டு ஒரே இடத்தில் கொட்டும். 2014 நவம்பரில் ஈரி ஏரியின் காற்று அமெரிக்காவின் பஃபலோ நகரத்தின் தென்பகுதியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் கொட்டியது. சில கிலோமீட்டர் வடக்கே சில செ.மீ.தான். பட்டையின் ஓரம் சுவர் எழுப்பியது போல நிற்கும் படங்கள் அப்போது எல்லோர் கண்ணிலும் பட்டன.

9 கி.மீ., 13 கி.மீ. கட்டம் வைத்த உலக மாடல்களுக்கு அந்தப் பட்டை சரியாகப் பிடிபடாது. 3 கி.மீ. கட்டத்தில் மணிக்கு மணி ஓடும் அமெரிக்காவின் ஹெச்ஆர்ஆர்ஆர் போன்ற மாடல்கள் அதற்குத்தான். பட்டை வரும் என்று நன்றாகச் சொல்கின்றன. எந்தத் தெருவில் என்பதில்தான் இன்னும் தடுமாற்றம்.

ஜனவரி 26

"பனியைவிட உறைமழை மோசமா?"

மோசம். கேள்வியே வேண்டாம். 6 மி.மீ. ஐஸ் மின்கம்பியில் ஒட்டினாலே பல இடங்களில் பெரிய எச்சரிக்கை விடுகிறார்கள். 1998 ஜனவரி 4 முதல் 10 வரை கனடாவின் கிழக்கில் விழுந்ததில் சில இடங்களில் மொத்தம் 100 மி.மீ. அளவுக்குப் போனது. கியூபெக்கில் இரும்பு மின்கோபுரங்கள் வரிசையாக மடங்கின. லட்சக்கணக்கான வீடுகள் இருளில் கிடந்தன, சிலருக்கு வாரக்கணக்கில்.

இதில் ஒரு இயற்பியல் நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். அதனால் உறைமழை தானே தரையருகே காற்றைச் சூடாக்கி, பூஜ்யத்தைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். பெரும்பாலான உறைமழைகள் அப்படித்தான் சில மணி நேரத்தில் சாதா மழையாகிவிடுகின்றன. 1998-ல் செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கு வழியாகக் குளிர்காற்று கீழேயிருந்து வந்துகொண்டே இருந்தது. வெளியான வெப்பத்தை அது தின்றுகொண்டே இருந்தது. அதனால் நிற்கவில்லை. உறைமழை எச்சரிக்கையைப் பார்த்தால் நான் எத்தனை மி.மீ. என்று பார்ப்பதைவிடத் தரைக்காற்று எங்கிருந்து வருகிறது என்றுதான் பார்ப்பேன்.

ரேடாரில் இது வெறும் மழை மாதிரியே தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறைவது கற்றைக்கு வெகு கீழே, தரையில்.

ஜனவரி 29

துருவச் சுழல் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். செய்தித் தலைப்புகளின் புண்ணியம்.

குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே, அடுக்கு மண்டலத்தில், மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றும் பெரிய காற்றோட்டம் அது. தினமும் இருப்பது. சில ஆண்டுகளில் கீழிருந்து எழும் அலைகள் அதைக் குலைத்துவிடும். சில நாட்களுக்குள் அங்கே வெப்பநிலை பல பத்து டிகிரி ஏறும். 1952-ல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்பவர் பலூன் அளவுகளில் இதைக் கண்டுபிடித்தார். மறுபடியும் பலூன்!

2018 பிப்ரவரி 12 வாக்கில் சுழல் உடைந்தது. மாதக் கடைசியில் சைபீரியக் குளிர் ஐரோப்பாவுக்குள் புகுந்து, ரோம் நகரத்திலேயே பனி விழுந்தது. இரண்டு வாரம் முன்பே குளிருக்கு வாய்ப்புக் கூடியிருக்கிறது என்று சொல்ல முடிந்தது. அதுதான் இதன் பயன். எந்த நாட்டில், எந்த நாளில், எத்தனை செ.மீ. என்று யாராவது சுழலை வைத்துச் சொன்னால் எழுந்து போய்விடலாம். சுழல் உடைந்தும் பெரிதாக ஒன்றும் நடக்காத ஆண்டுகள் உண்டு.

ஜனவரி 30

அமெரிக்காவில் பனிப்புயல் எச்சரிக்கைக்கு வானத்திலிருந்து ஒரு செதில்கூட விழ வேண்டியதில்லை. மணிக்கு 56 கி.மீ. அல்லது அதற்கு மேல் காற்று, 400 மீட்டருக்குள் சுருங்கிய பார்வைத் தூரம், இரண்டும் 3 மணி நேரம் நீடித்தால் போதும். தரையில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்பினாலே போதும். செயலி அன்றைக்கு 0 செ.மீ. என்று காட்டிக்கொண்டிருக்கும்.

2022 டிசம்பரில் பஃபலோ பகுதியில் இந்தக் காற்றும் ஏரிப்பனியும் சேர்ந்துகொண்டன. பல நாட்கள் முன்பே, மிகக் கடுமையான சொற்களில், சரியாகச் சொல்லியிருந்தார்கள். 40 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்னறிவிப்பு தவறுவதைப் பற்றியே இங்கே இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம். சரியாக வந்த முன்னறிவிப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது என்னை இதைவிட அதிகமாக உறுத்துகிறது. ஆனால் அதற்கு வேறு இழைதான் தொடங்க வேண்டும்.

காற்றுக்குளிர் பற்றிக் கேட்டவருக்கு: மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று என்றால் உடம்புக்கு மைனஸ் 33. இது 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து திருத்திய சூத்திரம். அதற்கு முன்பிருந்தது அண்டார்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள் தண்ணீர் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று பார்த்துச் செய்தது. மனித முகம் உருளை அல்ல என்பது புரிய அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. வண்டியின் ரேடியேட்டருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. காற்று எவ்வளவு அடித்தாலும் அது மைனஸ் 20-க்குக் கீழே போகாது.

பிப்ரவரி 2

செயற்கை நுண்ணறிவு மாடல்கள் வந்துவிட்டன, இனி இந்தச் சிக்கலெல்லாம் தீர்ந்துவிடுமா என்று கடைசியாக ஒரு கேள்வி.

2023-ல் கிராஃப்காஸ்ட் என்ற அப்படியொரு மாடல் வந்தபோது நானும் வாய் பிளந்தேன். பத்து நாள் முன்னறிவிப்பை ஒரு நிமிடத்துக்குள் ஒரே கணினியில் போடுகிறது. ஐரோப்பிய மையமே 2025 பிப்ரவரியில் தன்னுடைய ஏஐஎஃப்எஸ் மாடலை வழக்கமான பணிக்குக் கொண்டுவந்துவிட்டது. புயலின் பாதையை இவை அருமையாகப் பிடிக்கின்றன.

ஆனால் இவற்றில் பல, வளிமண்டலத்தை 13 அழுத்த மட்டங்களாகத்தான் பார்க்கின்றன. கீழிருந்து 1000, 925, 850, அடுத்தது நேரே 700 ஹெக்டோபாஸ்கல். 850-க்கும் 700-க்கும் நடுவே ஒன்றரை கி.மீ. இடைவெளி. மூக்கு 800-ல் உட்கார்ந்திருந்தால்? இரண்டு பக்கமும் பூஜ்யத்துக்குக் கீழே காட்டிவிட்டு நடுவில் உருகிக்கொண்டிருக்கும். தொடக்க நிலைக்கு இவையும் அதே செயற்கைக்கோள், விமான, பலூன் அளவுகளைத்தான் நம்பியிருக்கின்றன. தவிர, தொலைதூர நாட்களுக்குப் போகப் போக உச்சங்களைக் கொஞ்சம் மழுக்கிச் சொல்லும் பழக்கமும் இவற்றில் சிலவற்றுக்கு உண்டு.

அடுத்த புயல் வரும்போது ஏஐஎஃப்எஸ் சொல்லும் 850 மட்டத்து வெப்பநிலையையும் பலூன் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். யாராவது ஏற்கெனவே செய்திருந்தால் வரைபடத்தைப் போடுங்கள்.